மகளக் கடலுக்குள்ள இறக்கின கதை

எனக்கு எழுத்து வராது. கையெழுத்துக் கேட்டா பெருவிரலத்தான் நீட்டுவன். இத எழுதிறது பக்கத்து வளவு ரீச்சர். நான் சொல்லச் சொல்ல அவ எழுதிறா. "ஆறுதலாச் சொல்லுங்க மாமி, கை நோகுது" எண்டு இப்பவே முறைப்பாடு. நான் என்ன செய்ய? கதை வாயில வந்து நிக்குது, வரிசையில நில்லு எண்டா நிக்குமா?

நான் ப்ளாஸ்ரிக் தோணி வலிச்சன். மூஞ்சில கண்ணாடியும் வாயில குழாயும் போட்டுக்கொண்டு கடலுக்குள்ள தலையக் குனிஞ்சன். அறுபத்திரெண்டோ அறுபத்திமூணோ வயசில. அடையாள அட்டையில ஒரு வயசு இருக்கு, எங்கட அம்மா சொன்னது இன்னொரு வயசு. எந்த வயசெண்டாலும் வலிச்சன், அது உண்மை. எங்கட கல்லடியில ஒருத்தியும் நம்புறாளில்ல. போன்ல படத்தக் காட்டினன். "இது நீ இல்லகா, தவக்களைக்குச் சட்டை போட்ட மாதிரிக் கிடக்கு" எண்டு சொல்லிச் சிரிக்கிறாளுகள். சிரிக்கட்டும். அவளுகள் ஒருத்தியும் தோணியில கால் வைச்சதில்ல.

ஆனா தோணிக்காகவோ மீனுக்காகவோ நான் போகல்ல. என்ட மகளோட ஒரு தரம், ஒரே ஒரு தரம், கடலுக்குள்ள இறங்கவேணும். அதுக்குத்தான் போனன். அவள் சனிக்கிழமை பிளேன் ஏறுறாள். நாங்க போனது வியாழக்கிழமை.

மகள் சுவிசில. கலியாணம் முடிச்சுப் போனவள். போய்ப் பன்னிரண்டு வருசம், இது மூணாவது வரத்து. பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள், மருமகனுக்கு வேலையில லீவு குடுக்கல்லயாம். மூணு கிழமை, இருபத்தொரு நாள், எண்டு சொல்லக்குள்ள எனக்கு அது பெரிய காலமாத் தெரிஞ்சிச்சு. கோயிலுக்குப் போனம். கிரான்ல என்ட தங்கச்சி வீட்ட போனம், அங்க வயல்வட்டையில வேளாண்மை வெட்டி முடிஞ்சு கிடந்தது, பேத்தி வைக்கோலுக்குள்ள உருண்டுபோட்டு உடம்பெல்லாம் சொறிஞ்சுகொண்டு வந்தாள். மறுகா எனக்குக் கண்ணாடி மாத்தினம். மறுகா சொந்தக்காரர் வந்தாங்க, போனாங்க, சோறு ஆக்கி ஆக்கியே நாள் போயிற்று. ஒருநாள் காலம்புற எழும்பிப் பாக்கிறன், மகள் சூட்கேசத் திறந்து வைச்சு மிளகாய்த்தூள் பக்கற் அடுக்கிக்கொண்டிருக்காள்.

எங்கட வீட்டில இருந்து கடற்கரைக்குப் போக, ஒரு வாய் வெத்திலை மெண்டு முடியிற நேரம் போதும். பின்னேரத்தில நான் பேத்தியக் கூட்டிக்கொண்டு போவன். அவள் அலையோட ஓடி விளையாடுவாள். மகள் வரமாட்டாள். ஒருநாள் தலையிடி எண்டாள். ஒருநாள் உடுப்புக் கழுவணும் எண்டாள். ஒருநாள் வேலிக் கடப்படியில நிண்டு கை மட்டும் காட்டினாள். மூணு கிழமையும் அந்தப் பக்கம் அவள் ஒரு எட்டு வைக்கல்ல.

ஏனெண்டு எனக்குத் தெரியும். ஊரில எல்லாருக்கும் தெரியும். சுனாமியில கடல் வந்த அண்டைக்கு அவளுக்குப் பதினாலு வயசு. அப்ப எங்கட வீடு கடலுக்குக் கிட்ட, இப்ப இருக்கிற வளவில்ல. இவர், என்ட புருசன், இப்ப செத்து மோசம்போய் ஏழு வருசம், அவர் அண்டைக்கு ஆத்துப்பக்கம் வலைக்குப் போயிற்றார். புள்ள வீட்டில தனிய. ஆரோ ஒருத்தர் தலைமயிரில புடிச்சு ஒரு மாடிக்கு மேல இழுத்துப் போட்டவராம். ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. அவர் இருக்காரோ இல்லையோ அதுவும் தெரியா. இருந்தா நல்லா இருக்கோணும்.

நான் எங்க எண்டு கேக்கிறீங்களா? நான் குவைத்தில. வீட்டு வேலைக்குப் போயிருந்தன். மகளுக்கு எட்டு வயசில போனது. அஞ்சு நாளைக்குப் புறகு ஒரு போன் வந்திச்சு. "அம்மா" எண்டாள். அதுக்குப் புறகு மூச்சு மட்டும் கேட்டது. லைன் அறுந்து போயிற்று. நான் அடுத்த பிளேன்ல ஓடி வந்தனா எண்டா, இல்ல. காலம் முடியாம அனுப்பமாட்டம் எண்டிட்டாங்க. நான் வரக்குள்ள ரெண்டு வருசம் போயிட்டு, புள்ள என்னவிட உசரம். ரெண்டு நாள் என்ன "நீங்க, வாங்க" எண்டு விருந்தாளியக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டாள். இப்பவும் நீங்க எண்டுதான் கூப்பிடுறாள், ஆனா அது வேற நீங்க.

அண்டைக்கு என்ன நடந்தது எண்டு அவள் எனக்குச் சொன்னதில்ல. நானும் கேக்கல்ல. எனக்கு எங்க உரிமை? கடலப் பாத்தா எனக்குப் பயமும் வராது. ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரிப் பயப்பிடுறாங்க, எனக்கு மட்டும் ஒண்டும் இல்ல. காணாத ஆளுக்கு என்ன பயம்? எனக்கு அது வெக்கம். ரீச்சர், இத எழுதுங்க, விடாதீங்க.

கடல் குளிக்கிற ஆசை எனக்குச் சின்னனில இருந்தே இருக்கு. மீன்புடி வீட்டில புறந்து, மீன்புடி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, முழங்காலுக்கு மேல கடல்தண்ணி பட்டதில்ல எண்டா நம்புவீங்களா? குமர்ப்புள்ளையள் கடல் குளிக்கப்போடாது. பொண்டுகள் தோணியில ஏறப்போடாது, ஏறினா மீன் படாது. ஒரு தரம் அப்பாட தோணியத் தொட்டுப் பாத்ததுக்கு அம்மா என்ட கையில அடிச்சா. கலியாணம் முடிச்ச புதிசில இவரட்டக் கேட்டன், ஆத்துக்குள்ள ஒரு சுத்துச் சுத்திக் காட்டுங்க எண்டு. "விசரா உனக்கு, ஆக்கள் சிரிப்பாங்க" எண்டார். நல்ல மனிசன்தான். ஆனா ஆக்கள் சிரிக்கிறதுக்குப் பயந்த மனிசன்.

குவைத்திலயும் கடல் இருக்கு. வெள்ளிக்கிழமையில வீட்டுக்கார மேடம் ஆக்கள் கடற்கரைக்குப் போவாங்க. நானும் போவன். அவங்க குளிப்பாங்க, நான் கரையில இருந்து சாமான் பாப்பன். பை, துவாய், புள்ளையள்ட செருப்பு, மேடத்துட கைப்பை. எட்டு வருசம் அவங்கட செருப்பப் பாத்துக்கொண்டு கடலப் பாத்தன்.

சரி, விசயத்துக்கு வாறன். ரீச்சர் பேனைய வைச்சிட்டுக் கைய உதறுறா.

பேத்திதான் போன்ல தேடிக் கண்டுபுடிச்சது. பாசிக்குடாப் பக்கம் ஒரு நாள் பயணமாம். காலம்புற ஆத்துக்குள்ள தோணி வலிச்சு ஒரு தீவுக்குப் போறது, மறுகா எஞ்சின் போட்டில கடல்ல இருக்கிற ஒரு கல்லுத்தீவுக்குப் போய்த் தண்ணிக்குள்ள மீன் பாக்கிறது. அவள் தமிழ் கதைச்சா ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லா வரும். "அம்மம்மா. நாங்கள். போவோமா?" எண்டு கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிற்று வாங்க" எண்டாள் மகள்.

"நீ வராட்டி நானும் போகல்ல" எண்டன்.

"தோணி மட்டும் எண்டா வாறன். கடல் இல்ல."

"ஓம் ஓம், கடல் இல்ல" எண்டு தலையாட்டினன். பொய்தான். பெத்த புள்ளைக்கிட்ட இந்தப் பொய் கூடச் சொல்லாட்டி என்னண்டு?

என்ன உடுக்கிறது எண்டது அடுத்த பிரச்சின. சீலையோட தோணியில ஏற ஏலா எண்டு மகள் தன்ட கறுத்த நீட்டுக் காற்சட்டை ஒண்டத் தந்தாள், உடம்போட ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதுக்கு மேல இவர்ட பழைய சேட் ஒண்டப் போட்டன். விடியக்குள்ள எழும்பிப் பிட்டு அவிச்சன், கணவாய் பொரிச்சன். மத்தியானச் சாப்பாடு அவங்க தருவாங்க எண்டு மகள் சொல்லிக்கொண்டே நிண்டாள். அவங்க தாறத ஆர் கண்டது?

வானில ஏறி ஏறாவூர் தாண்டி, வாழைச்சேனை தாண்டிப் போனம். எங்களக் கூட்டிக்கொண்டு போற கைட் ஆத்தங்கரையில நிண்டார். நாப்பது வயசிருக்கும், தாடி நரைச்ச தம்பி, கல்குடாப் பக்கம். முந்தி மீன் புடிச்சவராம். என்னக் கண்ட உடன "அம்மாவும் வலிக்கிறாவா?" எண்டு கேட்டார்.

"ஏன் தம்பி, வலிச்சாக் கூலி கூடத் தருவீங்களா குறையத் தருவீங்களா?" எண்டன். அவர் சிரிச்சுப்போட்டு எனக்கு லைஃப் ஜக்கட்டக் கட்டினார். கட்டின உடன நான் இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி ஆகிட்டன், குனிஞ்சா என்ட கால் எனக்குத் தெரியா.

தோணி எண்டா தோணி இல்ல. செம்மஞ்சள் நிறத்தில, கோழிக்குத் தீன் வைக்கிற தொட்டி மாதிரி, ரெண்டு பேர் முன்னும் பின்னும் இருக்கிறது. மகளும் பேத்தியும் ஒண்டில. நானும் தம்பியும் மற்றதில. கால வைக்கப்போகக்குள்ள எனக்குக் கால் எழும்பல்ல. அம்மா அடிச்ச கை அப்பிடியே சுள்ளெண்டது. நான் செருப்பக் கழட்டி, காலக் கழுவி, தோணியத் தொட்டுக் கண்ணில ஒத்திக்கொண்டன்.

"அம்மா, இதில நாங்க மீன் புடிக்கிறல்ல. பயப்பிடாம ஏறுங்க" எண்டார் தம்பி. விளங்கின மனிசன். அவர்ட வீட்டிலயும் அப்பிடித்தானே சொல்லி வளத்திருப்பாங்க.

ஏறினன். ஆகா, அந்த ஆட்டம் இருக்கே! தண்ணி அடியில கிடந்து என்னத் தூக்கித் தூக்கிப் பாக்குது. துடுப்பு ரெண்டு பக்கமும் அகப்பை மாதிரி. இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு. நாலு தரம் போட்டன், கை புடிச்சுக்கொண்டது. குவைத்தில ஒவ்வொரு நாளும் நாலு அறை தரை துடைச்ச கையல்லவா, அதே இழுவைதான். தம்பி பின்னால இருந்து, "அம்மா முந்தி எங்கயோ பழகியிருக்கிறா" எண்டார். "ஓம் தம்பி, குவைத்தில" எண்டன். அவர் நம்பிட்டார்.

ஆத்துக்குள்ள ரெண்டு பக்கமும் கண்ணாக்காடு, வேரெல்லாம் தண்ணிக்கு வெளிய நிண்டுகொண்டு. நீர்க்காகம் செட்டைய விரிச்சுக் காயப்போட்டிருக்கு. சேத்து மணம். அந்த மணம் இவர்ட சேட்டில எப்பவும் இருந்த மணம், எனக்குப் புதிசில்ல. ஆனா அந்த மணத்துக்கு நடுவில நான் இருக்கிறது புதிசு. ஒரு இடத்தில ரெண்டு பேர் நெஞ்சளவு தண்ணியில நிண்டு வலை வீசுறாங்க. ஒருத்தன் என்னக் கண்டுபோட்டான்.

"என்ன மாமி, வெள்ளைக்காரியாகிட்டீங்களா?"

"நீ வலையப் பாருடா மனே, மீன் போகுது!" எண்டன்.

"நீங்க தோணியில ஏறினாப் புறகு மீன் எங்க படப்போகுது?" எண்டு மற்றவன்.

எல்லாரும் சிரிச்சம். மகளும் சிரிச்சாள், துடுப்ப மடியில வைச்சிட்டு, வாய் விட்டு. ஆக்கள் சிரிச்சா என்ன, பாத்தீங்களா? சிரிச்சாங்க, முடிஞ்சிது. இவர் இருந்திருந்தா அவடத்த வைச்சே சொல்லியிருப்பன்.

தீவில இறங்கிச் சாப்பிட்டம். அவங்க தந்த சோத்துப் பொட்டலத்த நாங்க சாப்பிட, எங்கட பிட்டையும் கணவாயையும் தம்பி சாப்பிட்டார். மறுகா அவர் சொன்னார், இனிக் கல்லுத்தீவுக்குப் போவம் எண்டு. மகள்ட முகம் மாறிப்போயிற்று.

"நாங்க இவடத்தயே நிக்கிறம்" எண்டாள்.

"அம்மா, ப்ளீஸ்" எண்டாள் பேத்தி.

மகள் என்னப் பாத்தாள். நான் ஆகாயத்தப் பாத்தன். தன்ட புள்ளையத் தனியக் கடலுக்கு விடமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும். வந்து போட்டில ஏறினாள். ஒரு கையால பலகையப் புடிச்சிக்கொண்டாள், மற்றக் கையால பேத்தியிட ஜக்கட் பட்டிய. ஆத்துவாய் தாண்டிக் கடல் வந்த உடன கண்ண மூடினாள். திறக்கவே இல்ல. எனக்கு அப்பதான் பொய் சொன்னது நெஞ்சில குத்தினது. கரைக்குக் கிறுகிப் போவம் எண்டு சொல்ல வாயெடுத்தன். சொல்லல்ல. வியாழன் முடிஞ்சா வெள்ளி, வெள்ளி முடிஞ்சா சனி.

கல்லுத்தீவு எண்டா ஒரு பக்கம் கறுத்தப் பாறை, மற்றப் பக்கம் வெள்ளை மணல். உடைஞ்ச முருகைக்கல்லெல்லாம், ரீச்சர் பவளப்பாறை எண்டுறா, எலும்பு மாதிரிக் கிடக்கு. பாறைப் பக்கம் அலை அடிக்குது, மணல் பக்கம் தண்ணி சட்டிக்குள்ள ஊத்தி வைச்ச மாதிரி அசையாம இருக்கு. இடுப்பளவு தண்ணியில கன தூரம் நடக்கலாமாம். அதுக்கு அங்கால முருகைக்கல்லு, வண்ண வண்ண மீனெல்லாம் அங்கதான்.

மகள் ஒரு செடிப் பத்தைக்குக் கீழ பையெல்லாத்தையும் அடுக்கி வைச்சு, பக்கத்தில இருந்தாள்.

"நீங்க போங்கம்மா. நான் சாமானப் பாத்துக்கொள்றன்."

"இந்தத் தீவில ஆர் களவெடுக்கிற? நண்டா?"

"நண்டும் எடுக்கும்."

"எழும்புகா. நான் மீன் பாக்க வரல்ல. உன்னோட இறங்கத்தான் வந்தன்."

"தெரியும்" எண்டாள். "கடல் இல்ல எண்டு சொல்லக்குள்ளயே தெரியும். எனக்கு ஏலாம்மா. கேக்காதீங்க."

கேக்காதீங்க எண்டிட்டாள். நான் என்ன செய்யிறது? அவளப் பாத்தா நான்தான் அவடத்த இருந்த மாதிரி, பைகளுக்கு நடுவில, துவாய மடியில வைச்சுக்கொண்டு. அந்த இடம் எனக்குத்தான் நல்லாத் தெரிஞ்ச இடம். அதில என்ட புள்ள இருக்கிறதப் பாக்க ஏலாமத் தண்ணிப்பக்கம் கிறுகி நடந்தன்.

இவடத்ததான் அந்தப் பிழை நடந்தது. வேணுமெண்டு செய்யல்ல, அம்மன் மேல சத்தியம். மனசு சரியில்லாட்டி எனக்கு வெத்திலை வேணும். சேட் பொக்கற்றில மடிச்சு வைச்சிருந்த ஒரு வாய, தம்பி பேத்திக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த நேரம் கன்னத்துக்குள்ள அதக்கிட்டன். மறுகா என்ட முறை வந்தது. கண்ணாடிய மாட்டினார். "அம்மா, இந்தக் குழாயப் பல்லால கடிச்சுப் புடிங்க. வாயாலதான் மூச்சு" எண்டார். வாயில வெத்திலை இருக்குத் தம்பி எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. கடிச்சன். முழங்காலளவு தண்ணியில குனிஞ்சன். மூச்ச இழுத்தன் பாருங்க, வெத்திலைச் சாறு தொண்டைக்குள்ள போய்ப் புரையேறி, இருமல் வந்து, குழாயாலயும் வாயாலயும் மூக்காலயும் சிவப்பாப் பறந்தது. என்னச் சுத்தித் தண்ணியெல்லாம் சிவப்பு.

பேத்தி வீரிட்டுக் கத்தினாள். "அம்மா! அம்மம்மாக்கு ரத்தம்! ரத்தம்!"

எனக்கு ஒண்டும் தெரியல்ல, கண்ணெல்லாம் தண்ணி. ஆரோ சளார் சளாரெண்டு ஓடி வாறது கேட்டது. என்ட கமக்கட்டுக்குள்ள கையக் குடுத்துத் தூக்கி, கண்ணாடியப் புடுங்கி எறிஞ்சு, வாயத் துறவுங்க, வாயத் துறவுங்க எண்டு. துறந்தன். அவள் உள்ளுக்குப் பாத்தாள். பாக்குச் சீவல்.

"அறிவிருக்காம்மா உங்களுக்கு? அறிவிருக்கா? வெத்திலையோடயா...!"

தம்பி தண்ணிக்குள்ள குந்திக்கொண்டு சிரிக்கிறார், எழும்ப ஏலாம. பேத்திக்கு ஒண்டும் விளங்கல்ல. நான் இருமி முடிச்சு நிமிந்து பாக்கிறன், என்ட மகள் கடலுக்குள்ள நிக்கிறாள். சட்டை நனைஞ்சு, முழங்காலுக்கு மேல தண்ணியில.

அவளும் அப்பதான் கண்டாள். குனிஞ்சு தண்ணியப் பாத்தாள். வாயில வந்த ஏச்சு பாதியில நிண்டிட்டு. கரையத் திரும்பிப் பாத்தாள். நான் கையப் புடிச்சுக்கொண்டன். இறுக்கிப் புடிக்கல்ல, இழுத்தா விட்டிருப்பன். இழுக்கல்ல.

தம்பி விளங்கிக்கொண்டு பேத்தியக் கூட்டிக்கொண்டு அங்கால போயிட்டார். மறுகா அவள்தான் வாய் துறந்தாள், என்னப் பாக்காம, தண்ணியப் பாத்துக்கொண்டு.

"அண்டைக்கு நான் உங்களத்தான் கூப்பிட்டன்மா. அப்பாவக் கூப்பிடல்ல. நீங்க குவைத்தில எண்டு தெரியும், தெரிஞ்சும் உங்களத்தான். தொண்டை கிழியக் கூப்பிட்டன்."

இருபது வருசம் நான் கேக்காத கதை. அந்த நேரம் நான் அங்க என்ன செஞ்சிருப்பன்? படி கழுவியிருப்பன், புள்ளையளுக்கு முட்டை பொரிச்சிருப்பன். எனக்கு ஒண்டும் கேக்கல்ல. கேட்டிருந்தா எண்டு சொல்லவும் ஏலா, கேட்டிருந்தா மட்டும் என்ன, நடந்தா வந்திருப்பன்?

"வரச் சுணங்கிட்டன் மகள்" எண்டன்.

"இருபது வருசம் சுணங்கினா அது சுணக்கமாம்மா?" எண்டாள். அழுறாளா சிரிக்கிறாளா தெரியல்ல. ரெண்டும்தான். மூக்கச் சிந்திச் சட்டையில துடைச்சாள், சின்னனில செஞ்ச மாதிரியே. மறுகா, "வாயக் கொப்பளியுங்க, நாறுது" எண்டாள்.

கொப்பளிச்சன். அவள் என்ட கண்ணாடியத் தேடி எடுத்துக் கழுவி, எனக்கு மாட்டிவிட்டாள். ரெண்டு பேரும் நடந்தம். இடுப்பளவு வந்தது. அதுக்கு மேல அவள் நிண்டிட்டாள். அங்கால தம்பி கையத் தூக்கிக் கூப்பிடுறார், "அம்மா, இன்னும் கொஞ்சம் வந்தா முருகைக்கல்லு! வாங்க, நான் புடிக்கிறன்!" பேத்தி, ஆமை ஆமை எண்டு கத்துறாள். எனக்கும் ஆசைதான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா மகள் வராத இடத்துக்கு நான் ஏன்?

"நீங்க போங்கம்மா, எனக்கு இப்பப் பயமில்ல" எண்டாள். முகத்தில சிரிப்பு. நல்ல வடிவாச் சிரிக்கிறாள், ஆரு பாத்தாலும் நம்புவாங்க.

"இவடத்தயே பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டு, அவள்ட கையப் புடிச்சபடி தலையத் தண்ணிக்குள்ள குனிஞ்சன். மூச்சு இந்த முறை ஒழுங்கா வந்தது. கண்ணாடிக்குள்ளால எல்லாம் பெரிசாவும் கிட்டவாவும் தெரியுது. வெள்ளை மணல். வெயில் கோடு கோடா மணல்ல ஓடுது. நகமளவு மீன் குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு. அதுகளுக்கு நடுவில என்ட மகள்ட ரெண்டு கால்.

விரல் பத்தும் மணலக் கவ்விப் புடிச்சிக்கொண்டு நிக்குது. நகமெல்லாம் வெளுத்துப் போய். குதி நடுங்குது. மேல சிரிக்கிறாள், கீழ அந்தப் பாடு. எட்டு வயசில விட்டிட்டுப் போனன், பதினாறு வயசில வந்து பாத்தன், முகத்தப் பாத்து, நல்லா இருக்காள் எண்டு நினைச்சன். பன்னிரண்டு வருசமா வெளிநாட்டில இருக்காள், நல்லா இருக்காள் எண்டு நினைச்சன்.

நான் தலையத் தூக்கல்ல. தம்பி கூப்பிடுறது தண்ணிக்குள்ளால எங்கயோ கேட்டது. மகள் என்ட கையச் சுரண்டினாள், எழும்புங்க, என்ன பாக்கிறீங்க எண்டு. மீன் பாக்கிறன் எண்டு மற்றக் கையால காட்டினன். என்ட ரெண்டு கால நகத்தி அவள்ட காலுக்குப் பக்கத்தில, ஒட்டினபடி வைச்சன். மீன் குஞ்சுகள் பயந்து ஓடி, மறுகா வந்தது. முதுகில வெயில் சுட்டது. எவ்வளவு நேரம் எண்டு தெரியா. முதல்ல சுண்டுவிரல் விட்டது. மறுகா மற்ற விரலெல்லாம் ஒண்டொண்டா விட்டுது. பெருவிரல்தான் கடைசி. மணல் புகைமாதிரி எழும்பிப் படிஞ்சிது. அதுக்குப் புறகுதான் நான் நிமிந்தன்.

"என்னம்மா கண்டீங்க இவ்வளவு நேரம்?"

"வடிவான மீன்கா" எண்டன். "வெள்ளை மீன்."

சனிக்கிழமை போயிற்றாள். எயார்போட் வரைக்கும் நானும் வானில போனன், வரக்குள்ள வழியெல்லாம் நித்திரை. வீடு பெரிசாக் கிடக்கு. பேத்தி எடுத்த ஆமைப் படத்தப் பெரிசாக்கி அனுப்பியிருக்காள், சுவரில ஒட்டி வைச்சிருக்கன், பாக்கிற எல்லாருக்கும் நான் கண்ட ஆமை எண்டுதான் சொல்றன்.

இப்ப ஞாயிறு ஞாயிறு மகள் போன்ல வாறாள். தலை இழுத்து, பொட்டு வைச்சு, சிரிச்ச முகம்.

"எப்பிடிகா இருக்கிறாய்?"

"நல்லா இருக்கன்மா."

முகம் அப்பிடித்தான் சொல்லும். நான் விடுறதில்ல. "போனக் கீழ புடி, காலக் காட்டு" எண்டுவன். முதல் தரம் கேக்கக்குள்ள அவளுக்கு விளங்கல்ல, எதுக்கும்மா எண்டாள். நான் சொன்னன், அண்டைக்கு மீன் பாக்கல்ல, உன்ட காலத்தான் பாத்தன் எண்டு. இப்ப எதிர்க்கேள்வி இல்ல. அங்க குளிராம், எந்த நேரமும் காலில கம்பளி மேசு போட்டிருப்பாள்.

"மேசக் கழட்டு."

கழட்டுவாள். நல்லாப் பாத்து முடிச்சாப் புறகுதான் மற்றக் கதை.